மலைக்கு நல்லது மட்டும்

அக்கா எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குழந்தையைப் பார்க்க மாட்டார். சுவரைத்தான் பார்ப்பார். எந்தச் சுவரில் ஓதம் இல்லை, எதில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது, எந்த மூலையில் அழுக்குத் துணி குவிந்து கிடக்கிறது என்று கண்ணாலேயே அளந்துவிட்டு, "இந்தா, இங்க உக்காந்துதான் நீ உம் புருசன்கிட்ட போன்ல பேசணும்" என்று ஓர் இடத்தைக் காட்டுவார். அதற்குப் பிறகுதான் கை கழுவி, உள்ளங்கை இரண்டையும் சூடு வரும்வரை தேய்த்துக்கொண்டு, குழந்தையிடம் போவார்.

என் மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள், சூளகிரியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டுக்கு அவர் வந்தபோதும் அப்படித்தான் நடந்தது. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். அப்போது வடக்கே ஏதோ ஒரு மலையில் இருந்தார். எந்த மலை என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது போனவர், மகளைப் போனில்தான் பார்த்திருந்தார். என் அம்மா பத்து நாள் கூட இருந்து பத்தியம் வைத்துக் கொடுத்துவிட்டு, தம்பிக்குப் பரீட்சை என்று ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த கோணிப்பையை அவிழ்த்தபடியே ஒரு பெண் கேட்டார்.

"மிலிட்டரிக்காரன் ஊடு இதுதான?"

ஐம்பது வயது இருக்கும். நூல் புடவைக்கு மேல் ஆண்கள் போடும் ஜெர்கின். பையிலிருந்து டயாபர், கொசுவலை, எண்ணெய்ப் பாட்டில், ரெண்டு ஸ்வெட்டர், ஆறு சட்டை எல்லாம் வெளியே வந்தன. சட்டைகள் பெங்களூர் பக்கத்து எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கழித்துப்போட்டவை. ஒரு கை கொஞ்சம் நீளமாக இருக்கும், இல்லாவிட்டால் பொத்தான் ஒன்று நிறம் மாறியிருக்கும். எனக்குச் சந்தேகம். இந்தக் காலத்தில் யார் சும்மா கொடுக்கிறார்கள்? "எவ்வளவு ஆவும்?" என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தானமா வந்த மாட்டைப் பல்லப் புடிச்சுப் பாக்கற ஜாதியா நீ? புள்ளயத் தூக்கு, பசியில கத்துது" என்றார்.

அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. எந்தச் சங்கமும் இல்லை, ரசீதுப் புத்தகமும் இல்லை. ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி வரைக்கும் கம்பெனி கம்பெனியாக கேட்டில் போய் நின்று கேட்டு வாங்குவார். பட்டாளத்துக்குப் போனவன் வீட்டில் குழந்தை பிறந்தது என்று காதில் விழுந்தால் மூன்று நாளில் மொபெட் அங்கே போய்விடும். ஒரு கம்பெனியில் பால் பவுடர் டப்பா நாற்பது கொடுப்பதாகச் சொல்லி, பேனர் கட்டி, போட்டோ எடுக்க ஆளும் வைத்திருந்தார்களாம். அக்கா ஒவ்வொரு டப்பாவையும் திருப்பித் தேதியைப் பார்த்திருக்கிறார். பதினைந்து நாளில் முடிகிற தேதி. "எம் புள்ளைங்க இன்னா எலியா, குடுத்துப் பாக்க?" என்று மேனேஜர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு, நாற்பதையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் அதே கம்பெனி புது டப்பாவாக இருபது அனுப்பியது. திட்டுவதற்குத் தெலுங்கு, கொஞ்சுவதற்குக் கன்னடம், சட்டம் பேசத் தமிழ் என்று மூன்று மொழியையும் மூன்று வேலைக்கு வைத்திருந்தார். நான் அதிகம் கேட்டது தமிழைத்தான்.

அவர் இல்லாவிட்டால் என் மகளுக்குத் தாய்ப்பால் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, குழந்தை வாய் வைத்தாலே நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, வெந்நீர்த் துணி போட்டு, குழந்தையின் தலையைத் திருப்பி வைத்துக் காட்டி, நான்கு நாள் விடாமல் வந்தார். நான்காம் நாள் குழந்தை முழுங்குகிற சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. அக்கா கன்னடத்தில் என்னவோ கொஞ்சினார். நான் அழுதேன்.

"அழுவியா, இப்பவே அழுது முடிச்சுக்க. ஆறு மணிக்கு அவன் போன் பண்ணுவான்" என்றார்.

அதுதான் அவருடைய சட்டம். மலைக்கு நல்லது மட்டும்தான் ஏறணும். காய்ச்சல் ஏறக்கூடாது, மாமியார் சண்டை ஏறக்கூடாது, கண்ணீர் ஏறவே கூடாது. "கையில துப்பாக்கி வெச்சுகினு நிக்கறவனுக்கு மனசு ஒரு நிமிசம் இந்தப் பக்கம் வந்துட்டா போதும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். சொல்லாமல் விட்ட அந்த மிச்சம்தான் எங்களைப் பயமுறுத்தியது.

எனக்கு ஆபரேஷன் தையல் சீழ் பிடித்து இருபது நாள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, எதுவும் தெரியாது. அந்த இருபது நாளும் அக்கா எனக்குத் தலை வாரி, மகளுக்குப் புதுச் சட்டை மாட்டி, சுவரில் வாத்துப் படம் போட்ட மஞ்சள் விரிப்பைக் கட்டி, என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். போனுக்குக் கீழே, படத்தில் விழாதபடி, தரையில் தானும் உட்கார்ந்துகொள்வார். நான் முகம் சுளித்தால் இரண்டு ஆட்காட்டி விரலையும் தன் உதட்டோரங்களில் வைத்து மேலே இழுத்துக் காட்டுவார். சிரி என்று அர்த்தம். அவர் கண் மட்டும் சிரிக்காது. "நீ நல்லா சதை போட்டுட்ட" என்று இவர் அந்தப் பக்கம் சந்தோஷப்பட்டார். வீக்கத்தைச் சதை என்று நினைத்துக்கொண்டார். நானும் ஆமாம் என்றேன். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. நல்ல பெண்டாட்டியாக இருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது, சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பக்கத்து வீட்டில் மஞ்சுளா இருந்தாள். தளிப் பக்கத்துக் கன்னடக்காரப் பெண். அவள் அப்பா அங்கே ரோஜாத் தோட்டம் போட்டிருந்தார். கம்பெனிக்கு வேலைக்கு வந்த இடத்தில் போச்சம்பள்ளிக்காரப் பையன் ஒருவனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு வீட்டிலும் வாசல் சாத்திவிட்டார்கள். அவன் பட்டாளத்துக்காரன், இவருக்கு முன்பே வேறொரு மலைக்குப் போய்விட்டான். மஞ்சுளாவுக்குப் பிரசவத்துக்குத் துணைக்கு இருந்தது அக்காதான். ஆண் குழந்தை. என் மகளைவிட ஒரு மாதம் சின்னவன்.

முதலில் அவள் தூங்காமல் இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். யார்தான் தூங்கினோம்? பிறகு குழந்தை அழும்போது அவள் கதவுப் பக்கம் பார்ப்பதைக் கவனித்தேன். வேறு யாரோ வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதுபோலப் பார்ப்பாள். ஒருநாள் நான் அவள் குழந்தையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"இது நந்தல்ல அக்கா" என்றாள்.

என்னுடையது இல்லை என்கிறாள். சாதாரணக் குரலில், கடைக்காரனிடம் தப்பான துணிப்பையைத் திருப்பிக் கொடுப்பதுபோல. குழந்தையை நானே தோளில் போட்டுக்கொண்டேன். அக்கா வந்ததும் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவில்லை. "சில பேருக்கு இப்பிடித்தான் வரும். சரியாப் பூடும்" என்றார். டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்றதற்கும் சரி என்றார். ஆனால் டாக்டர் என்ன கேட்பார், வீட்டுக்காரரைக் கூப்பிடு என்பார், மஞ்சுளாவின் வீட்டுக்காரன் மலையில் இருக்கிறான். அங்கே வந்து பேச்சு நின்றுவிடும். வாரம் மூன்று போனது.

அந்த மூன்று வாரமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மஞ்சுளா சிரித்தாள். அதை நான் பார்த்தேன். அக்கா அவளுக்குத் தலைசீவி, ரோஜா வைத்து, பொட்டு வைத்து, குழந்தையை அவள் மடியில் வைத்து, நழுவாமல் இருக்கத் தலையணையை அண்டை கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். போன் அடித்தது. அக்கா விரலை உதட்டோரம் கொண்டுபோனார். மஞ்சுளாவின் உதடு விரிந்தது. அந்தப் பக்கம் அவன், "ஐ, என் ராஜா எப்பிடிக் கீறான் பாரு" என்று கத்தினான். நான்கு நிமிடம் பேசினான். நான்கு நிமிடமும் உதடு விரிந்தபடியே இருந்தது. போன் அணைந்த பிறகும் அது மூடவில்லை. அக்கா தன் கையாலேயே அவள் கன்னத்தைத் தடவித் தடவி இறக்கிவிட வேண்டியிருந்தது.

"அவன்கிட்ட சொல்லிடலாம்க்கா" என்றேன் மறுநாள். கிருஷ்ணகிரிக்கு ஒரு கம்பெனியில் கொசுவலை வாங்க நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், அக்கா என் மகளை மடியில் வைத்திருந்தார்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "எம் பையனுக்கு அப்ப ஒன்றரை வயசு. மூணு நாளா சுரம். நாலாம் நாளு மலையிலேர்ந்து எங்க ஊட்டுக்காரரு போன் பண்ணாரு. நான் அழுதுட்டேன். புள்ள கண்ணே தொறக்கல, வாங்கன்னு கத்திட்டேன். அவுரு அன்னிக்கே லீவு கேட்டு வாங்கிட்டாரு. கெடைச்ச வண்டியில ஏறிட்டாரு. வண்டி எறங்கி வர்ற வழியில உருண்டுபோச்சு."

மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

"புள்ளைக்கு மறுநாள் காலையிலயே சுரம் வுட்டுப்போச்சு. எழுந்து உக்காந்து இட்லி கேக்கறான். எங்க ஊட்டுல அப்ப எல்லாரும் அழுதுகினு இருக்கறாங்க."

அந்தப் பையன் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான் என்றார். அப்பா எதற்காக அந்த வண்டியில் ஏறினார் என்று அவனுக்கு இதுவரை சொன்னதில்லையாம். நான் வாயை மூடிக்கொண்டேன். யாராக இருந்தாலும் மூடிக்கொள்வார்கள். ஆனால் அன்றிலிருந்து அக்காவின் மொபெட் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர் பரவ ஆரம்பித்தது. அவர் கொண்டுவந்த ஸ்வெட்டரைத்தான் என் மகள் போட்டிருந்தாள், அவர் வரவைத்த பாலைத்தான் குடித்தாள். அப்படியும் பயந்தேன். நன்றிகெட்டவள் என்று என்னையே திட்டிக்கொண்டும் பயந்தேன்.

எங்கள் லைன் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் தண்ணீர்ச் சம்ப் ஒன்று உண்டு. வாரம் இருமுறை லாரி வந்து நிரப்பும். இரும்பு மூடி, ஆம்பளையே இரண்டு கையால்தான் தூக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் துணி உலர்த்த வெளியே வந்தேன். மூடி திறந்திருந்தது. சம்பின் விளிம்பில் மஞ்சுளா உட்கார்ந்திருந்தாள், காலை உள்ளே தொங்கவிட்டபடி. மடியில் குழந்தை. குழந்தை விழித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கத்தினால் என்ன ஆகுமோ என்று கத்தவில்லை. பக்கத்தில் போய் நானும் உட்கார்ந்தேன். என் காலையும் உள்ளே விட்டேன்.

"எவ்ளோ ஆழம் இருக்கும் அக்கா?" என்று கேட்டாள்.

"தெரியல மஞ்சு. புள்ளயக் குடு, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். இடது கையில் குழந்தையும் வலது கையில் அவள் புடவை முந்தானையுமாகப் பிடித்துக்கொண்டு, லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா வருகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

போன் போட்டதும் அக்கா அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மஞ்சுளாவை அணைத்துக்கொண்டு கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். பிறகு மொபெட்டில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கிவந்து சம்புக்குப் போட்டார். சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார். "பூட்டு போட்டாச்சு. இனி பயமில்ல" என்றார். நாலரை மணிக்கு, அன்று ஞாயிறு இல்லாவிட்டாலும் அவன் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால், சீப்பை எடுத்தார்.

அந்தச் சீப்பைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மஞ்சுளாவின் போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவன் நம்பருக்கு என் குரலில் பேசி அனுப்பினேன். "தம்பி, நான் பக்கத்து வீட்டு அக்கா. மஞ்சுவுக்கு உடம்பு சரியில்ல. மனசும் சரியில்ல. இன்னிக்கு சம்புல எறங்கப் பாத்தா, புள்ளயோட. நீங்க உடனே வரணும்." அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தால் வாசலில் அக்கா நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

தெலுங்கில் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "அனுப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. "இனி அவன் கீழ எறங்கற வரைக்கும் நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அவன் பதில் ஒற்றை வரியில் வந்தது. கிளம்புகிறேன், மலையிலிருந்து இறங்க ஒருநாள், அப்புறம் ரயில். மறுநாள் காலை ஏழு மணிக்கே அக்கா வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மஞ்சுளாவை உட்கார வைத்துக்கொண்டார், ஒரு கை அவள் மணிக்கட்டிலேயே இருந்தது. டீ வைத்துக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று. என் கையிலிருந்த மஞ்சுளாவின் போன் சத்தம் போடும்போதெல்லாம் அவர் கால் விரல்கள் மடங்கின. கம்பெனி பஸ்கள் போயின, வந்தன. அன்று முழுக்க அவனிடமிருந்து எதுவும் இல்லை. நான் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. மத்தியானத்துக்கு மேல் எனக்கு ஒரே எண்ணம்தான். அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் கொன்றது நான்தான். அந்தக் குழந்தை வளர்ந்து என்றைக்காவது என் வாசலில் வந்து நின்று கேட்கும். எந்தச் சாமியை வேண்டுவது என்று தெரியாமல் எல்லாச் சாமியையும் வேண்டினேன். அக்காவோ வேண்டக்கூட இல்லை. நடந்து முடிந்ததைக் கேட்கக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தது. மழையில் ரோடு போய்விட்டதாம், வண்டி வழியிலேயே நின்றுவிட்டதாம். இப்போது ரயில் ஏறிவிட்டேன் என்றான். "அக்கா, ரயில் ஏறிட்டான்" என்று கத்தினேன். அக்கா தலையை மட்டும் ஆட்டினார். படியை விட்டு எழவில்லை.

திங்கட்கிழமை காலை, வெயில் ஏறியபிறகு, ஹைவேயில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தான். முதுகில் பெரிய பை. நேரில் இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தான். அந்த வெயிலிலும் ஜெர்கின் போட்டு, இடது கையைப் பாக்கெட்டில் விட்டிருந்தான். எனக்கு அவன் முகம்தான் தெரிந்தது. உயிரோடு வருகிறான் என்ற சந்தோஷத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அக்காவுக்குத்தான் பட்டது. படியிலிருந்து எழுந்து போய் அவனை முற்றத்திலேயே நிறுத்தினார்.

"கைய எடு தம்பி."

"ஒண்ணுமில்லக்கா."

"எடு."

எடுத்தான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இருந்தன. மற்ற மூன்றும் இல்லை. வெட்டி ஆறிப்போன தழும்பு. பனி தின்றுவிட்டது என்றான். பிள்ளை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்னாடி நடந்ததாம். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். படுக்கையிலிருந்துதான் அத்தனை நாளும் பேசியிருக்கிறான், வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு.

"வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்களே?" என்றேன்.

"சொன்னாங்க. ரெண்டு மாசம் போய் இருந்துட்டு வாடான்னாங்க. நான்தான் வேணாம்னு திரும்ப மேல ஸ்டோர் வேலைக்குப் போயிட்டேன். பச்ச ஒடம்புக்காரி, இதப் பாத்தா பயந்துடுவான்னு..." அக்காவைப் பார்த்தான். "நீங்கதானக்கா முன்னாடியே போன்ல சொன்னீங்க. இங்க இருக்கறவளுக்கும் நல்லது மட்டும்தான் சொல்லணும்னு."

அவன் குறையாகச் சொல்லவில்லை. கொடுத்த சொல்லைக் காப்பாற்றியவன் மாதிரிதான் சொன்னான். இரண்டு மாதம். மஞ்சுளா தன் குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று சொன்ன நாட்களில் அவன் அவள் பக்கத்தில் இருந்திருக்கலாம். அக்கா அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றார். இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவரோ அந்தக் கையை மெதுவாக, குழந்தையைத் தொட்டிலில் போடுகிற பக்குவத்தோடு, மறுபடியும் அவன் பாக்கெட்டுக்குள் வைத்தார்.

"அவ இப்ப பாக்க வேணாம். ரெண்டு நாள் போவட்டும்" என்றார்.

அவனும் சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனான். எனக்கு அங்கேயே அலற வேண்டும் போல இருந்தது.

ஆனால் குழந்தையை ஒரு கையால் வாங்க முடியாது. நான் வாசலில் நின்று பார்த்தேன். மஞ்சுளா அவனை அடையாளம் தேடுகிறவள்போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பாயில் கிடந்த குழந்தையை எடுத்து நீட்டினாள். வலது கையை மட்டும் நீட்டினான். "ரெண்டு கையாலயும் வாங்கு" என்றாள். அவன் அசையவில்லை. அவளே பாக்கெட்டுக்குள் கைவிட்டு எடுத்தாள். பார்த்தாள். இல்லாத மூன்று விரல் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் குழந்தையை மார்போடு இழுத்து அணைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மூன்று மாதமாகச் சீப்பும் பொட்டும் போட்டு அடைத்து வைத்திருந்த அழுகை, லைன் வீடு எட்டுக்கும் கேட்டது. அவனும் அழுதான். நான் யாரையும் தடுக்கவில்லை. அக்கா மட்டும் முற்றத்தில், பூட்டு போட்ட சம்பின் மேல் உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

மறுநாளே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். மாத்திரை, பேச்சு, திரும்ப மாத்திரை என்று எட்டு மாதம் ஆனது தேறுவதற்கு. இப்போது நன்றாக இருக்கிறாள் என்று அவன் சொல்கிறான். அவளே சொன்னால்தான் நான் நம்புவேன், அவளும் சொல்கிறாள்.

அவன் வந்த அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு என் போன் அடித்தது. இவர். அக்கா வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் விரிப்பின் முன்னால் உட்காரவில்லை, அடுப்படியிலேயே நின்றேன். "எல்லாம் நல்லா இருக்குதா?" என்று இவர் கேட்டார். "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றேன். "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்று சிரித்தார். போனில் முகம் மட்டும் தெரிந்தது. முகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் முதல்முறையாக அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. கீழே பார்த்தேன். அக்கா விரலை உதட்டோரம் கொண்டுபோகவில்லை. எழுந்தார். அத்தனை வருடமும் எந்த வீட்டுப் போனிலும் தன் முகம் விழாமல் பார்த்துக்கொண்டவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து நேராகப் போனைப் பார்த்தார்.

"தம்பி, எழுந்து நில்லு."

"யாருங்க நீங்க?"

"எழுந்து நில்லுப்பா. கை காலு எல்லாம் காட்டு."

இவர் திகைத்துப்போய் எழுந்து நின்றார். பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. போனைத் தூர வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அக்கா வாய்விட்டு எண்ணினார், பத்து விரல். பூட்ஸைக் கழற்றச் சொன்னார். அதிலும் பத்து. சட்டையைத் தூக்கச் சொன்னார், திரும்பி நிற்கச் சொன்னார். எல்லாம் இருந்தது. ஒரு கீறல் இல்லை. "போதுமா? நல்லாத்தான இருக்கேன்?" என்றார் இவர்.

அக்கா போனை அணைத்து என் கையில் வைத்தார்.

"இன்னிக்கு இருக்குது. நாளைக்கும் நிக்கச் சொல்லு" என்றார்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனவர் அதன்பிறகு எங்கள் பக்கம் வரவில்லை. பெங்களூரில் மகனோடு இருக்கிறார் என்று கேள்வி. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், சொன்னதிலிருந்து அவன் அம்மாவோடு பேசுவதில்லை என்றும், பேசுகிறான் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் யாரும் எதையும் மறைப்பதில்லை. மகளுக்குச் சளி என்றால் சளி என்று சொல்கிறேன், அழுகை வந்தால் அழுகிறேன். தினமும் ஆறு மணிக்கு இவரை எழுந்து நிற்கச் சொல்கிறேன். கோபப்படுவார், கெஞ்சுவார், கடைசியில் நிற்பார். மகளும் நானும் சேர்ந்து விரல்களை எண்ணுகிறோம். இருபதும் சரியாக இருக்கும். போன் அணைந்ததும் என் பயம் மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும்.